சகதி ஆபீசில் ஓர் இரங்கல் கூட்டம்

விஸ்வநத்தத்துக்குக் கிழக்கே இருக்கும் ஆவுடையா கண்மாயைச் சுத்தம் செய்து தரும்படி ஊர்க்காரர்கள் பதினோரு வருடம் மனுக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் வருடம் அரசாங்கம் மனமிரங்கியது. கண்மாயில் கிடக்கும் சகதியைப் பாதுகாப்பதற்கென்று ஓர் அலுவலகம் திறந்தது.

மனுவில் கேட்டது எளிய சங்கதிதான். மேற்கே டவுன் சாக்கடை கண்மாயில் வந்து விழுகிறது. வடக்கே வயக்காட்டில் போடுகிற உரம் மழைக்கு அடித்துக்கொண்டு வருகிறது. கிழக்கே பட்டாசு செய்கிற செட்டுக் கொட்டகைகளைக் கழுவிவிடுகிற தண்ணீர் வந்து சேர்கிறது. தண்ணீர் பச்சைப் பெயிண்ட் மாதிரி திக்காகிவிட்டது. சித்திரை, வைகாசியில் அடியிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பி அழுகின முட்டை நாற்றம் எடுக்கிறது. மீன்கள் செத்து மிதக்கின்றன. எனவே கலெக்டர் சமூகம் அவர்கள் சகதியை அள்ளித் தர வேண்டியது. இவ்வளவுதான் மனு. அது ஏழெட்டுத் துறைகளைச் சுற்றி, கடைசியில் அந்தச் சகதியைப் பார்த்து வாயூறிய ஒரே துறையிடம் போய்ச் சேர்ந்தது. விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

அலுவலகத்தின் பெயர் ‘ஊட்டமிகு நன்னீர்நிலை வண்டல் நுண்ணுயிர்த் தொகுதிப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு மையம்.’ முன்சுவரில் இடம் போதாமல் பெயர்ப்பலகை திரும்பிப் பக்கச் சுவரிலும் போயிற்று. முழுப் பெயரையும் வாசிக்க வேண்டுமானால் கட்டடத்தைப் பாதி சுற்ற வேண்டும். ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு நேரமில்லை. சகதி ஆபீஸ் என்று முடித்துக்கொண்டார்கள்.

கண்மாய்க்கு ஊட்டம் மிகுந்துவிட்டது என்பது அறிவியல் உண்மை. சுற்றுவட்டாரத்தில் ஊட்டம் மிகுந்திருந்தது அது ஒன்றுதான்.

இருளாண்டிக்கு அந்த ஆபீசில் வேலை கிடைத்தது. நாற்பத்தாறு வயது. அதற்கு முன்னால் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். நெஞ்சில் சளி கட்டி, பத்துப் பெட்டிக்கு மேல் தூக்க முடியாமல் போனதால் நின்றுவிட்டார். நேர்முகத் தேர்வில் இயக்குநர் முனைவர் ஸ்ரீராம்குமார் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“சகதியைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?”

“நாறும் சார்.”

“கள அனுபவம் உண்டு” என்று இயக்குநர் குறித்துக்கொண்டார்.

பதவியின் பெயர் இடையூறு பதிவாளர். கண்மாய்க் கரையில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு பெரிய பதிவேடு. தண்ணீருக்குள் யார் இறங்கினாலும் அடியில் இருக்கும் சகதி கலங்கும். சகதி கலங்கினால் அதற்குள் அடுக்கடுக்காகக் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு இடையூறு. மேல் அடுக்கில் இருப்பது கீழே போய்விடும், கீழே இருப்பது மேலே வந்து காற்றுப் பட்டுச் செத்துவிடும். ஆகவே யார் இறங்கினார்கள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு ஆழம், என்ன தன்மை என்று ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். கனத்த சத்தம் கேட்டாலும் ‘அதிர்வு’ என்று நேரத்தோடு குறிக்க வேண்டும். பட்டாசு ஊரில் இது என்ன விதி என்று இருளாண்டிக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் எழுதச் சொல்லியிருப்பார்கள்.

பெயர் மட்டும் எழுதக் கூடாது. ‘தனிநபர் பெயர்கள் அறிவியலுக்குத் தேவையற்றவை’ என்று சுற்றறிக்கை வந்திருந்தது. வழக்கமாக வருகிற ஒவ்வோர் உருப்படிக்கும் ஓர் எண். ஆடு ஒன்று, ஆடு இரண்டு, நாய் ஒன்று, கொக்கு ஒன்று முதல் ஒன்பது வரை, மனிதர் ஒன்று முதல் பதினாறு வரை.

மனிதர் பதினாறும் பெண்கள். பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் பேன்சி வெடிக்கு மருந்து அடைக்கிறவர்கள். சாயங்காலம் வேலை விட்டதும் நேரே கண்மாய்க்கு வந்து குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். உடம்பெல்லாம் அலுமினியப் பொடி அப்பி வெள்ளியில் வார்த்த மாதிரி வருவார்கள். அந்தக் கோலத்தோடு வீட்டில் அடுப்புப் பக்கம் போக முடியுமா? கம்பெனியில் குளிக்கத் தொட்டி கட்டித் தருவதாக முதலாளி சொல்லி வருடம் ஆறாகிறது. அதனால் பச்சைத் தண்ணீராக இருந்தாலும் கண்மாய்தான்.

அந்தப் பதினாறு பேரில் பதினான்காவது, இருளாண்டியின் மனைவி குருவம்மாள்.

முதல் நாள் அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கொட்டகைக்கு வந்து பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

“இதுல நான் எது?”

“பதினாலு.”

“கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு ஒண்ணாம் நம்பர் குடுக்கப்பிடாதாக்கும்?”

“தண்ணியில எறங்குன வரிசைதான் நம்பர். நீதான் கரையில நின்னு கதை பேசிட்டுக் கடைசியா வந்த.”

“நல்ல ஆபீசுய்யா. வாங்க, சோறு திங்கப் போவோம்.”

அப்புறம் வீட்டிலும் அவளைப் பதினாலு என்று கூப்பிட்டுச் சிரிப்பது இருளாண்டிக்கு வழக்கமாகிவிட்டது. அவளும் கோபித்துக்கொண்டதில்லை. மகள் மாரிசெல்விதான் முறைப்பாள். அவள் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் தைக்கிற பிரிவில் இருந்தாள்.

ஆறு மாதம் கழிந்தது. இயக்குநர் நீளக் குழாயைச் சகதிக்குள் இறக்கி, கரும்பு மாதிரி ஒரு துண்டு உருவி எடுத்து ஆராய்ந்தார். அதில் ஓர் உண்மை வெளிப்பட்டது. பெண்கள் குளிக்கும் படித்துறைக்கு நேர் கீழே, பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில், வேறெங்கும் இல்லாத அடர்த்தியில் ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் செழித்திருந்தது. அவர்கள் உடம்பிலிருந்து கழுவப்பட்டுப் போகிற வெடியுப்பையும் கந்தகத்தையும் கொண்டே அது பிழைத்தது.

அன்றிலிருந்து பெண்களுக்கு மரியாதை வந்தது. அந்த மரியாதையைப் போல் ஒரு தொந்தரவு வேறு கிடையாது. மாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஐந்தே முக்காலுக்குள் குளித்து முடிக்க வேண்டும். அதே படித்துறை, அதே வரிசை. சோப்புப் போடக் கூடாது. வழியில் பைப்பில் முகம் கழுவிவிட்டு வரக் கூடாது. யாராவது வராவிட்டால் அந்த எண்ணுக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதிக் காரணமும் எழுத வேண்டும். இருக்கன்குடிக் கோவில் கொடைக்குக் கம்பெனி மூன்று நாள் லீவு விட்டபோது, சகதிக்கு உணவு தடைப்பட்டதாக இயக்குநர் கம்பெனிக்கே கடிதம் எழுதினார்.

சென்னையிலிருந்து ஒரு குழு பார்வையிட வந்தது. பெண்களைக் கரையில் வரிசையாக நிறுத்தி வைத்து, இயக்குநர் அவர்கள் முன்னிலையிலேயே பேசினார்.

“நண்பர்களே, நம் காலடியில் வாழும் இந்த உயிர்களை எண்ணிப் பாருங்கள். பிராணவாயு கிடையாது. வெளிச்சம் கிடையாது. கந்தகத்தில் மூச்சுவிடுகிறார்கள். வெடியுப்பைத் தின்று வாழ்கிறார்கள். ஊரின் கழிவு முழுவதும் தங்கள் மேல் வந்து விழுந்தாலும் முணுமுணுப்பதில்லை. இத்தனைக்கும் இவர்களைக் கண்டுகொள்ள இதுவரை ஆளில்லை. இப்படியும் ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறதே என்று நினைக்கும்போது எனக்குக் கண் கலங்குகிறது.”

உண்மையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரிசையில் நின்ற பெண்களில் நாலைந்து பேர் இருமினார்கள். சத்தம் போட வேண்டாம், அடியில் அதிர்வு ஏற்படும் என்று குழுவில் ஒருவர் கையைக் காட்டினார்.

இரண்டாம் வருடம் வைகாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. இருளாண்டி கொட்டகையில் உட்கார்ந்து கொக்கு நான்கின் வருகையை எழுதிக்கொண்டிருந்தார். கிழக்கே பூமி பிளந்த மாதிரி ஒரு சத்தம். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. மேசை மேல் இருந்த தண்ணீர் செம்பு உருண்டது. கண்மாய் முழுக்கக் குமிழ் கிளம்பியது.

அவர் கை தானாகப் பதிவேட்டில் எழுதியது: ‘11.40. அதிர்வு. பலமானது.’ எழுதி முடித்த பிறகுதான் எழுந்து ஓடினார்.

அந்த ஒரு வரியை எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கூடிப்போனால் நாலு விநாடி. நாலு விநாடி முன்னால் ஓடியிருந்தாலும் ஆகக் கூடியது ஒன்றுமில்லை. எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்த நாலு விநாடியை அவர் சாகிறவரை தூக்கிச் சுமப்பார் என்பது எனக்குத் தெரியும்.

வெடித்தது பக்கத்துக் கம்பெனியின் ஏழாம் நம்பர் செட். செட் இருந்த இடத்தில் தரை இருந்தது. அரசு ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு ஐந்து உடல்கள் போயின. கம்பெனி வருகைப் பதிவேட்டில் ஏழாம் நம்பர் செட்டுக்கு நாலு பெயர்கள் இருந்தன. அந்த நாலு வீட்டாரும் தாலிக் கொக்கி, தோடு, கொலுசு என்று ஏதோ ஒன்றை வைத்து அடையாளம் கண்டு, அழுது, எடுத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாவது உடல் மிஞ்சியது.

பட்டியலை வைத்துக்கொண்டு பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்தவர் தாலுகா அலுவலகத்து சங்கையா. கெட்ட மனுசர் இல்லை. விதியை மனப்பாடம் செய்தவர், அவ்வளவுதான்.

“அது என் சம்சாரம் சார். குருவம்மா. காலையில ஏழு மணிக்கு அந்த செட்டுக்குத்தான் போனா” என்றார் இருளாண்டி.

“அய்யா, ஒரு செட்டுல நாலு பேருக்கு மேல வேலை பார்க்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“அப்போ அஞ்சாவது ஆளு எப்படி உள்ள இருக்க முடியும்? கம்பெனியில கேட்டாச்சு. நாலு பேருதான்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அஞ்சாவது, வழியில போன யாரோ. அடையாளம் தெரியாத பெண்ணுன்னு போட்டிருக்கு.”

“சீசன் ஆர்டர் நெருக்குதுன்னு அஞ்சாறு பேரை உக்கார வைக்கிறது ஊருக்கே தெரியுமே சார்.”

“ஊருக்குத் தெரியலாம். எனக்குத் தெரியக் கூடாதுல்ல? உடம்புல ஏதும் அடையாளம் உண்டா? மெட்டி, தோடு?”

இல்லை. செட்டுக்குள் உலோகம் உரசினால் பொறி கிளம்பும் என்று நகை போட்டுப் போகக் கூடாது என்பதும் விதி. குருவம்மாள் ஒருத்திதான் அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவள். மெட்டி, தோடு, தாலி எல்லாவற்றையும் கழற்றி, தீப்பெட்டிக்குள் வைத்து, சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டுத்தான் தினமும் கிளம்புவாள். விதியை மதித்த ஒரே காரணத்துக்காக அவள் அடையாளம் தெரியாத பெண் ஆனாள்.

“மக ரத்தத்தை எடுத்து மதுரைக்கு அனுப்பியிருக்கு. ரிசல்ட் வர ரெண்டு மாசம் ஆகலாம். அதுவரைக்கும் தர முடியாது. முன்னாலயே வேணும்னா, அவங்க அந்தக் கம்பெனியில வேலை பார்த்தவங்கன்னோ, இறந்து போயிட்டாங்கன்னோ ஏதாவது ஒரு அரசு அலுவலகத்து முத்திரையோட ஒரு பேப்பர் கொண்டாங்க. நான் குடுத்துடறேன்” என்றார் சங்கையா.

கூட வந்திருந்தாள் மாரிசெல்வி. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அப்பாவைக் கேட்டாள்.

“தெனமும் சாயங்காலம் அம்மா வந்ததை ஒங்க நோட்டுல எழுதுனீகள்ல? அது கவர்மெண்டு நோட்டுதான?”

இருளாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு வருடமாக, நாள் தவறாமல், மணியும் நிமிடமும் போட்டு, அலுமினியப் பொடியோடு கம்பெனியிலிருந்து வந்ததாக, அரசாங்கப் பதிவேட்டில், அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

சகதி ஆபீசில் அவருக்கு முன்பே ஒரு குறிப்பாணை காத்திருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிப் பக்கம் ஏன் காலியாக இருக்கிறது என்று மூன்று நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

இயக்குநர் நொறுங்கிப் போயிருந்தார். மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தார்.

“வாரும் இருளாண்டி. கேள்விப்பட்டீரா? எல்லாம் போச்சு.”

“ஆமா சார்” என்றார் இருளாண்டி. இந்த மனிதருக்கு இவ்வளவு மனசு இருக்கிறதே என்று நினைத்தார்.

“தீயணைப்பு வண்டிக்காரர்கள் ஈவிரக்கமில்லாமல் நம் படித்துறையில் குழாயைப் போட்டு ஒன்பது லோடு தண்ணீர் உறிஞ்சிவிட்டார்கள். சகதி வெளியே தெரிந்துவிட்டது. வெயிலும் காற்றும் பட்டு மொத்தக் கூட்டமும் அழிந்துவிட்டது. உலகத்துக்கே பேரிழப்பு. நான் துறைக்கு எழுதியிருக்கிறேன். அந்தத் தீயை வேறு தண்ணீரால் அணைத்திருக்கக் கூடாதா?”

இருளாண்டி வந்த விஷயத்தைச் சொன்னார். இயக்குநர் பதிவேட்டை வரவழைத்துப் புரட்டினார்.

“இதில் குருவம்மாள் என்று எங்கே இருக்கிறது?”

“மனிதர் பதினாலு. அதான் சார் அவ.”

“மனிதர் பதினாலு குருவம்மாள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?”

“நான்தான சார் எழுதுனேன்.”

“நீர் அவருடைய கணவர். உறவினர் சொல் அறிவியலில் எடுபடாது. பெயர் எழுதியிருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு சான்று கொடுத்திருப்பேன்.”

“பேரு எழுதக் கூடாதுன்னு நீங்கதான சார் சுத்தறிக்கை போட்டீக?”

“ஆம். விதியை இவ்வளவு நேர்மையாகக் கடைப்பிடித்திருக்கிறீர். உம் ஆண்டறிக்கையில் பாராட்டுக் குறிப்பு எழுதுகிறேன்.”

இருளாண்டி வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தார். இரண்டு வருடமாகத் தன் கையாலேயே அவள் பெயரை அழித்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. முதல் நாள் அவள் கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அன்றைக்கே பக்கத்தில் பொடி எழுத்தில் பெயரை எழுதி வைத்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அழக் கூட வரவில்லை. பதினாலு, பதினாலு என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

ஆபீசில் மூத்த எழுத்தர் பைரோஜா. சிவகாசி டவுன்காரர். வீட்டுக்காரர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயது, கண்டிப்பானவர், ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்புவார். அவர் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து இருளாண்டி பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

“அண்ணே, சனிக்கிழமை இரங்கல் கூட்டம் வச்சிருக்காக.”

“என் சம்சாரத்துக்கா?”

பைரோஜா கையிலிருந்த சுற்றறிக்கையை நீட்டினார். தீயணைப்பு நடவடிக்கையில் உயிரிழந்த நுண்ணுயிர்களுக்கு இரங்கல் கூட்டம். சென்னையிலிருந்து நிபுணர் வருகிறார். உள்ளூர் மக்களின் பங்கேற்பு இருக்க வேண்டும் என்று மேலிடம் வலியுறுத்துவதால், மறைந்த நாற்பத்தொரு இனங்களின் பெயர்களை இடையூறு பதிவாளர் இருளாண்டி வாசிப்பார்.

“நீங்க வாங்கண்ணே” என்றார் பைரோஜா. “கூட்டத்துல வாசிக்கிறது எல்லாத்தையும் ஒரு எழுத்து விடாம நடவடிக்கைக் குறிப்புல எழுதணும்னு விதி. நான்தான் எழுதுறேன்.”

இதை ஏன் சொல்கிறார் என்று அப்போது இருளாண்டிக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை. ஷாமியானா போட்டிருந்தார்கள். சகதித் துண்டு அடைத்த கண்ணாடிக் குழாய்க்கு மாலை போட்டு, முன்னால் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். கிழக்கே ஏழாம் நம்பர் செட்டின் கரிந்த தரை அங்கிருந்து பார்த்தால் தெரியும். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நாற்காலிகள் கண்மாயைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன.

எல்லாரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள். பிறகு இயக்குநர் பேசினார்.

“காற்றே இல்லாத இடத்தில் வாழ்ந்தவர்கள், காற்றுப் பட்டு மாண்டார்கள். அவர்களைக் காப்பாற்றத் தவறிவிட்டோம். யாருக்கும் தெரியாமல் வாழ்ந்தவர்கள் யாருக்கும் தெரியாமல் போய்விடக் கூடாது. அதற்காகவே ஒவ்வொரு பெயரையும் இங்கே வாசிக்கப் போகிறோம். பெயர் சொல்லி அழைக்கப்படுவது ஓர் உயிரின் அடிப்படை உரிமை.”

கைதட்டக் கூடாத இடத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

இருளாண்டி ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். தாளைக் கையில் கொடுத்தார்கள். அவர் படித்தது ஆறாம் வகுப்பு. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

“டீ... சல்ஃபோ... விப்ரியோ.”

மேசையில் பைரோஜா எழுதினார். சென்னை நிபுணர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார்.

“மெத்தனோ... சார்... சினா. ஜியோ... பேக்டர். தயோ... பேசில்லஸ்.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பத்தாவது பெயருக்கு மேல் கேட்கிறவர்கள் கவனம் கலைந்தது. இருபதாவது பெயரில் காபி வந்தது. முப்பதாவது பெயரில் நிபுணர் நன்றாகவே தூங்கிப்போனார். இருளாண்டி நிறுத்தவில்லை. இவ்வளவு நீளமான பெயர்களை, வாயில் நுழையாத பெயர்களை, யாரோ கவனமாக வைத்து, யாரோ கவனமாக எழுதி, மாலை போட்டு வாசிக்கச் சொல்கிறார்கள். அவர் பெண்டாட்டியின் பெயர் ஆறெழுத்து. அதை எழுதுவதற்கு ஒரு தாளில்லை.

“நாற்பத்தொண்ணு. கிளாஸ்... ட்ரிடியம்.”

பட்டியல் முடிந்தது. அவர் தாளை மடித்தார். ஒலிபெருக்கியை விட்டு நகரவில்லை. பைரோஜா நிமிர்ந்து பார்த்தார். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் அப்படியே காத்திருந்தார்.

“நாற்பத்திரெண்டு” என்றார் இருளாண்டி. “குருவம்மாள்.”

பெயர் ஒலிபெருக்கியில் கண்மாய் முழுக்கக் கேட்டது. நிபுணர் திடுக்கிட்டு விழித்தார். தூங்கியது தெரியக் கூடாதே என்று உடனே ஒரு கேள்வி கேட்டார்.

“சுவாரசியமான இனம். வாழிடம் என்ன?”

இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இருளாண்டி பதில் சொல்லிவிட்டார்.

“மேட்டுத் தெருவுல வீடு சார். பகல்ல ஏழாம் நம்பர் செட்டு.”

“ஓகோ. எண்ணிக்கை?”

“ஒண்ணே ஒண்ணுதான் சார்.”

“மிக அரிய இனம். உணவு?”

“கம்மங்கஞ்சியும் கருவாடும்னா உசுரு. எனக்கும் மகளுக்கும் போட்டுட்டு மிச்சம் இருந்தா திம்பா.”

தூரத்தில் நின்ற படித்துறைப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தார்கள். பைரோஜாவின் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“செயல்பாடு?” என்றார் நிபுணர். தொடங்கிவிட்டதால் அவராலும் நிறுத்த முடியவில்லை.

“பேன்சி வெடிக்கு மருந்து அடைப்பா. இருபது வருசம். அந்தா, வானத்துல பூப்பூவா விரியும்ல சார், அது. ஆனா ஒரு தீவாளிக்கும் அவ அண்ணாந்து பார்த்தது கெடையாது. பயம்.”

“கூட்டமாக வாழ்வதா, தனித்தா?”

“இருபத்திமூணு வருசம் என்கூட சார்.”

“இறப்புக்குக் காரணம்?”

இருளாண்டி கிழக்கே கை நீட்டினார். நாற்காலிகளில் இருந்தவர்கள் முதல்முறையாகத் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

இயக்குநர் நன்றியுரையை இரண்டே வாக்கியத்தில் முடித்தார். அவருக்குச் சங்கடம்தான். ஆனால் கூட்டத்தில் வாசிக்கப்பட்டதைக் குறிப்பிலிருந்து நீக்க வேண்டுமானால் நிபுணரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். நிபுணரிடம் அதைக் கேட்டால், அவர் தூங்கியதையும் எழுத வேண்டி வரும். பைரோஜா இதை மிகப் பணிவாக இயக்குநருக்கு எடுத்துச் சொன்னார். நடவடிக்கைக் குறிப்பில் இயக்குநர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலையில் அதன் சான்றிட்ட நகல், வட்ட முத்திரையோடு இருளாண்டி கையில் இருந்தது.

சங்கையா அதை இரண்டு முறை வாசித்தார்.

‘வ. எண் 42. பெயர்: குருவம்மாள். வாழிடம்: மேட்டுத் தெரு, மற்றும் ஏழாம் எண் செட். எண்ணிக்கை: ஒன்று. செயல்பாடு: பேன்சி வெடிக்கு மருந்து அடைத்தல், இருபது ஆண்டுகள். இழப்பு உறுதி செய்யப்பட்டது.’

மேலே இருந்த நாற்பத்தொரு பெயர்களையும் விரலால் தடவிப் பார்த்தார்.

“இவங்கள்லாம் யாரு? வடநாட்டுக்காரங்களா?”

“சகதியில இருந்தவுக சார்.”

சங்கையா முத்திரைக்கு வந்தார். முத்திரை சரியாக இருந்தது. கையெழுத்து சரியாக இருந்தது. எழுந்து நின்று, தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கோப்பில் வைத்தார். பட்டியலில் ‘அடையாளம் தெரியாத பெண்’ என்பதை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டுப் பெயரை எழுதினார்.

சாயங்காலம் குருவம்மாள் வீட்டுக்கு வந்தாள். பொட்டலமாகக் கட்டித்தான் கொடுத்திருந்தார்கள். பிரிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் வழியில்லை.

நீர்மாலை எடுக்க வேண்டும். இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவருகிற சடங்கு. பையன் இல்லாத வீட்டில் யார் குடம் எடுப்பது என்று பங்காளிகளில் ஒருவர் இழுத்தார். கேன் தண்ணீர் வாங்கி வந்துவிடலாம், கண்மாய்த் தண்ணீர் அந்த நாற்றம் நாறுகிறதே என்றார் இன்னொருவர்.

“அம்மா தெனமும் குளிச்ச தண்ணி போதும். நான் எடுக்கேன்” என்றாள் மாரிசெல்வி.

வெள்ளைத் துணியை நாலு பேர் நாலு மூலையிலும் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ள, அதன் கீழே மாரிசெல்வி குடத்தோடு நடந்தாள். மிஞ்சிய பதினோரு பெண்களும் பின்னால் போனார்கள். படித்துறையில் தண்ணீர் பின்வாங்கியிருந்தது. முழங்கால் அளவு சகதியில் இறங்கித்தான் தண்ணீரைத் தொட முடிந்தது. அவள் கால் வைத்த இடத்திலெல்லாம் குமிழ் கிளம்பியது. அழுகின முட்டை நாற்றம் எழுந்தது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அவள் பச்சைப் பாசியைக் கையால் விலக்கிக் குடத்தை அமுக்கினாள்.

இருளாண்டி கரையில் நின்றார். மணி ஐந்தரை. கால்கள் அவரைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போயின. பதிவேட்டை விரித்தார். நேரத்தை எழுதினார். இடத்தை எழுதினார். ஆழம், முழங்கால். தன்மை என்ற கட்டத்தில், நீர்மாலை என்று எழுதினார்.

எண் என்ற கட்டத்துக்கு வந்தபோது கை பழக்கத்தில் பதினாலின் ஒன்றைப் போட்டது. நின்றது. அதை அடித்தார். கட்டம் சின்னது, பெயர் அதற்குள் அடங்கவில்லை. கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்திலும் அதற்கடுத்த கட்டத்திலுமாக, பெரிய எழுத்தில், குருவம்மாள் என்று எழுதினார்.